அண்ணனுக்குப் பாடமான ரொறன்ரோ

போன கிழமை ஸ்காபரோவில் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போனேன். "அங்கிள், சிரிக்காதேங்கோ. நியூட்ரல் ஃபேஸ்" என்றாள் கமராவுக்குப் பின்னால் நின்ற பிள்ளை. சிரிப்பை மடக்கினேன். அவள் நீட்டிய இரண்டு படத்திலும் அண்ணன் இருந்தான்.

எனக்கும் அவனுக்கும் இரண்டு வயது வித்தியாசம், முகம் ஒன்று. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு விழவேண்டிய அடியில் பாதியை நான் வாங்கியிருக்கிறேன். அதில் எனக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு.

கடையில் மழையில் நனைந்த கம்பளிக் கோட்டின் வாசம். அந்த வாசத்துக்குப் பின்னால் ஒரு கடல் இருக்கிறது. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, கார்த்திகை. ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில், ஓர் அறையில் நான்கு பேராக இருந்தோம். கனடாப் பாஸ்போர்ட் கைக்கு வந்து ஒரு மாதம். தலையணைக்குக் கீழே வைத்துத்தான் படுப்பேன். இத்தாலியில் விசா இல்லாமல் இருந்த அண்ணன் ரெலிபோனில், "அட்ரியாட்டிக் கடற்கரையிலை ஹொட்டலடா. ரூம் சும்மா. ஹொலிடேக்கு வா" என்றான். ஹொலிடே! எங்கள் வீட்டில் ஒருவர் வாயிலும் வந்திராத சொல். கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டு விமானம் ஏறினேன்.

போய் இறங்கினால், அது கோடைக்கு மட்டும் உயிர்வரும் ஊர். கடல் சாம்பல் நிறம். குடைகளைப் பிடுங்கிய குழிகள் மணலில் வரிசை வரிசையாகக் கிடந்தன. பூட்டிய ஹொட்டல் ஒன்றுக்கு அண்ணன் குளிர்காலக் காவல்.

ஸ்ரேசனில் நனைந்த கம்பளிக் கோட்டோடு நின்ற அவனைக் கண்டதும் சிரித்துவிட்டேன். மீசையை எடுத்திருந்தான். தலையை என்னைப்போல இடப்பக்கம் வகிடெடுத்திருந்தான். நான் அனுப்பிய படத்தைப் பார்த்துச் செய்தானாம். ஆறு வருடம் காணாத பாசம் என்று நினைத்தேன். நான் எப்போதும் அப்படித்தான், முதலில் நல்லதை நினைத்துவிடுவேன்.

மணலில் நடக்க நடக்கக் கேட்டுக்கொண்டே வந்தான்.

"உன்ரை வீட்டுக்குக் கிட்ட என்ன சப்வே ஸ்ரேசன்?"

"ஷேர்போர்ன்."

"அங்கை ரெயின் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?"

"உதெல்லாம் ஏன் அண்ணை?"

"சும்மா சொல்லனடா."

"வலப்பக்கம்."

சப்வேக்குப் போடும் ரோக்கன் என்ன நிறம், மூலைக் கடைக்கு என்ன பெயர், நான் வேலை செய்யும் பேக்கரியில் மனேச்சர் யார். மறுநாள் கேள்வியும் அவனே, பதிலும் அவனே. பிழைவிட்டால் நின்று, முதலிலிருந்து தொடங்கினான். கடலுக்கு அப்பால் எங்கோ இடித்தது. இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தோம்.

"உந்தப் பக்கமும் சண்டைதான்" என்றான், மணலைத் தட்டிக்கொண்டே. "மழையாயும் இருக்கும்."

மூன்றாம் நாள் காலை, சாப்பாட்டு மண்டபத்தில் ஆவி படிந்த யன்னல் கண்ணாடியில் விரலால் எழுதிக்கொண்டிருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தேன். என் கையெழுத்து. கடைசி எழுத்தின் வால்கூடப் பிசகவில்லை.

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. அதை அவன் கண்டுவிட்டான்.

"பாஸ்போட்டைத் தாவன். உன்ரை ரிக்கற்றிலை நான் போறன். பாஸ்போட் துலைஞ்சு போச்செண்டு நீ எம்பசியிலை சொல்லு. உன்னைத் திருப்பி எடுப்பாங்கள். என்னை ஆர் எடுப்பான்?"

"பிடிச்சாங்களெண்டால்?"

"ஆரைப் பிடிக்கிறது? முகத்தைப் பாரடா, ஒண்டுதானே."

"திங்கக்கிழமை வேலை அண்ணை" என்றேன். அதைவிடக் கேவலமான வசனம் ஒன்றை இத்தனை வருடத்தில் நான் பேசவில்லை. அவன் உள்ளங்கையால் கண்ணாடியைத் துடைத்தான். கையெழுத்து இருந்த இடத்தில் கடல் தெரிந்தது.

திரும்பும்போது ஸ்ரேசனில் என் கொலரைச் சரிசெய்துவிட்டான். "வலப்பக்கம், என்ன?" என்று சிரித்தான்.

தை மாதம் அண்ணனின் ரெலிபோன் கோல் ஒன்று வந்தது. "வேற வழி ஒண்டு கிடைச்சிருக்கு. லொறி." அவ்வளவுதான். பிறகு அவனிடமிருந்து ஒன்றும் இல்லை. ஹொட்டலுக்குப் போட்ட கடிதங்கள் பிரிக்காமலே திரும்பி வந்தன. பாஸ்போர்ட் காலாவதியானபோது நான் புதுப்பிக்கவில்லை. இப்போது மகளின் பிடிவாதம்.

மூலைக் கடையை இடித்துவிட்டார்கள். பேக்கரி இருந்த இடத்தில் அடுக்குமாடிக் கொண்டோ. மனேச்சர் செத்துப்போனார். ரோக்கனும் ஒழிந்தது. இன்றைக்கு அண்ணன் வந்து இறங்கி, விமான நிலையத்தில் கேள்வி கேட்பவரின் முன் நின்றால், மணலில் நடந்து பாடமாக்கியதெல்லாம் பிழை.

ஷேர்போர்னில் மட்டும் கதவு இன்னும் வலப்பக்கம் திறக்கிறது.