ரிப்போர்ட் கார்டில் ‘ஐடெடிக்’

மூன்றாம் வகுப்பு படித்த என் மகளின் ரிப்போர்ட் கார்டில் தலைமையாசிரியை ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். அவளுக்கு ‘ஐடெடிக்’ ஞாபகமாம். எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆங்கிலத்தில் நல்ல மார்க் வாங்கியவள் நான். ஆனால் வீட்டிலிருந்த கையடக்க அகராதியில் அந்த வார்த்தை இல்லை. அகராதியில் இல்லாத ஆங்கிலத்தை அதுவரை டாக்டர் சீட்டில்தான் பார்த்திருக்கிறேன். நோய்தான் என்று முடிவுகட்டினேன். ஞாபகசக்திக்கென்று தினமும் வல்லாரைத் துவையல் கொடுத்துவந்தேனே, அளவு மிஞ்சிவிட்டதோ? அன்றே நிறுத்தினேன்.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்த கணவரிடம் கார்டை நீட்டினேன்.

“பாஸ்னு போட்டுக்குதா? அப்புறம் இன்னா?” என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே போனேன். தலைமையாசிரியை சிரித்தார். “நோயெல்லாம் இல்லம்மா. கிரேக்கத்துலேர்ந்து வந்த வார்த்தை. உருவம், கண்ணுக்குத் தெரியற வடிவம்னு அர்த்தம். உங்க பொண்ணு மனப்பாடம் பண்றதில்ல. ஒருதரம் பார்த்ததை அப்படியே திரும்பப் பார்க்கிறா, போட்டோ மாதிரி.”

வழியெல்லாம் பெருமை. வாசலை மிதித்ததும் சந்தேகம். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லியிருந்தால்?

ஆரணியிலிருந்து என் நாத்தனார் வந்து தங்கியிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“அப்டியா? எங்க, எதனா சொல்லச் சொல்லு, பாப்போம்.”

மகளைக் கூப்பிட்டேன். “காலைலேர்ந்து எதைப் படிச்சியோ, அத்தைக்குச் சொல்லு.”

வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள். “அன்புள்ள அம்மாவுக்கு, நலம், நலமறிய ஆவல்.”

காலையில் என் அம்மாவுக்கு எழுதிய இன்லண்ட் லெட்டரை ஒட்டாமல் தையல் மெஷின் மேல் வைத்திருந்தேன்.

“ஆரணி அண்ணி மூன்று நாள் என்று சொல்லித்தான் வந்தார். இன்று பதினோராம் நாள்.”

“போதும் கண்ணு.”

“இரும்மா, நடுவுல பேசுனா மறைக்குது. என் ரசத்தைக் கழனித்தண்ணி என்கிறார். ஆனால் மூன்று தம்ளர் குடிக்கிறார்.” கொஞ்சம் நிறுத்தி, கண்ணைச் சுருக்கினாள். “இங்க ஒரு வரி அடிச்சிருக்குது. அடிச்சதையும் படிக்கட்டுமா அத்தை?”

“அதத்தான் மொதல்ல படி” என்றார் நாத்தனார்.

படித்தாள். ஒரு எழுத்து பிசகவில்லை.

நாத்தனார் அவளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார். “கொயந்தைக்கு ஒரு கோளாறும் இல்லம்மா. நல்லாத்தான் கீறா. நீ பயந்துக்கினு கெடக்காத. இன்னும் நாலு நாள் கூட இருந்து நானே பாத்துட்டுப் போறேன்.”