இரண்டு பத்துக்குத் திறந்த மூடி

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதல்ல, கனவும் அல்ல. அன்று நன்றாகச் சாப்பிட்டிருந்தேன், முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருந்தேன், காய்ச்சல் கூட இல்லை. பேய் என்றால் நடுராத்திரி, இருட்டு, நாய் ஊளை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கு நடந்தது பட்டப்பகலில். சனிக்கிழமை, மதியம் இரண்டு பத்து. வெளியே கண் கூசும் வெயில்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நல்லவள் என்று நினைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள்.

நான் கண்ணாடி ஊதுகிறவள். கலைஞர்களை மூன்று மாதம் தங்கவைத்து, "புதுசா எதையாவது செஞ்சு பாருங்க, உடைஞ்சா பரவாயில்ல" என்று விட்டுவிடும் ஒரு பட்டறையில் எனக்கு இடம் கிடைத்தது. ஒரு தடவைக்கு இரண்டு பேர். இன்னொருத்தி என் வயதுக்காரி. எப்போதும் குமிழைப் பற்றியே பேசுவாள் என்பதால் முதல் வாரமே அவளுக்குக் குமிழி என்று பெயர் வைத்துவிட்டேன். பதிலுக்கு அவள் என்னை அவசரம் என்று கூப்பிட்டாள். "ஏய் அவசரம், டீ ஆறுது வாடீ" என்று மாடிப்படியிலிருந்து கத்துவாள். அப்போது அது வெறும் கிண்டல்.

கண்ணாடி ஊதுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்து, நீளமான இரும்புக் குழாயை உருட்டிக்கொண்டே, அதன் நுனியில் இருக்கும் சூடான கண்ணாடிக்கு உருவம் கொடுப்பாள். இன்னொருத்தி மறுமுனையில் மண்டியிட்டு ஊதுவாள். 'ஊது' என்றால் ஊத வேண்டும். 'நிறுத்து' என்றால் நிறுத்த வேண்டும். இரண்டு மாதமாக அவளுக்கு நான், எனக்கு அவள். தூக்கத்தில்கூட நான் 'ஊது' என்று சொல்வதாக அவள் சிரிப்பாள்.

செய்த பொருளை உடனே ஆறவைக்கும் பெட்டிக்குள் வைக்க வேண்டும். அது மின்சாரத்தில் சூடாகும், மேல்மூடி போட்ட பெரிய பெட்டி. ஐந்நூறு டிகிரியில் தொடங்கி மெல்ல மெல்ல இறங்கும். கனமான பொருள் என்றால் இரண்டு நாள்கூட ஆகும். நடுவில் திறந்தால் குளிர்காற்று பட்டு உள்ளே இருப்பது விரிசல் விடும். உலையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் மூடியின் மேல் சாக்பீஸால் எழுதியிருந்தார்: '150 வரும்வரை கை வைக்காதே.' எனக்கு மட்டும் தனியாக வாயாலும் சொல்வார்.

"இது பால் காய்ச்சுற அடுப்பு இல்லம்மா, எட்டி எட்டிப் பாக்க."

நான் செய்துகொண்டிருந்த பரிசோதனை, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு வகைக் கண்ணாடிகளை ஒட்டவைப்பது. ஆறும்போது ஒன்று அதிகம் சுருங்கும், இன்னொன்று குறைவாகச் சுருங்கும், அப்புறம் பட்டென்று பிளந்துவிடும். பதினொன்று பிளந்திருந்தன. குமிழியுடையது வேறு மாதிரி. அவள் மூச்சை அடைத்துவைக்கப் பார்த்தாள். ஊதி முடித்துக் குழாயிலிருந்து பிரித்ததும், அந்த ஓட்டையைச் சூடான கண்ணாடித் துளியால் மூடிவிடுவாள். ஊதியவரின் மூச்சு உள்ளேயே இருக்கும்.

"ஃபோட்டோல முகம்தான் இருக்கும். இதுல ஆளே கொஞ்சம் இருக்கும்டீ" என்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளுடைய அம்மா வந்தார். ஒல்லியான மனுஷி, மூச்சிரைப்பு வேறு. எங்கள் இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். என்னைக் கவனிக்காமல் மெலியவிட்டுவிட்டாள் என்று தன் மகளைத் திட்டினார். குழாயில் வாய் வைக்கும் முன் கைக்குட்டையால் அந்த முனையை மூன்று தடவை துடைத்தார்.

"ஊதும்மா" என்றாள் குமிழி.

ஊதினார். இருமினார். மறுபடி ஊதினார். இருமினார். இன்னொரு தடவை. கண்ணாடியில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மேடுகள் எழுந்தன.

"அவ்வளவுதான்மா. எங்கிட்ட இருந்ததெல்லாம் குடுத்துட்டேன்" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தோம்.

மாலை ஐந்து மணிக்கு, ஓட்டையை அடைத்த அந்தக் குடுவையும் என் பன்னிரண்டாவது முயற்சியும் ஒரே பெட்டிக்குள் போயின. குமிழிதான் நேரத்தையும் சூட்டையும் செட் செய்தாள். அப்புறம் அம்மாவோடு ஊருக்குக் கிளம்பிப் போனாள்.

மறுநாள் சனிக்கிழமை. பட்டறையில் நான் மட்டும். அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். பெட்டியின் திரையில் 380 என்று இருந்தது. இன்னும் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். என்னுடையது பிளந்ததா, பிழைத்ததா? கை சும்மா இருக்கவில்லை. ஒரே ஒரு நொடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூடியைத் தூக்கினேன். சரியாகத் தெரியவில்லை. இன்னும் தூக்கினேன். ஃபோனை எடுத்து மூன்று படம் பிடித்தேன். படங்களில் நேரம் பதிவாகியிருக்கிறது. 2:10.

மூடிவிட்டேன். என்னுடையது பிழைத்திருந்தது. சந்தோஷத்தில் விசில் அடித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டிக்குள் ஒரு சத்தம்.

டிக்.

அவ்வளவுதான். ஒரே ஒரு டிக். திரும்பிப் பார்த்தேன். திரையில் சூட்டுக்குப் பக்கத்திலேயே மணியும் ஓடும். 2:31. அது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஆறு மணிக்கு அண்ணனுக்கு ஃபோன் வந்தது. குமிழியின் அம்மா இறந்துவிட்டார். மதியத் தூக்கத்திலேயே.

ஞாயிறு மாலை அண்ணன் பெட்டியைத் திறந்தார். என் பொருள் கீறல் இல்லாமல் பளபளவென்று இருந்தது. அம்மாவின் குடுவை மட்டும் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

பத்து நாள் கழித்துக் குமிழி வந்தாள். நேராகப் பெட்டியிடம்தான் போனாள். அண்ணன் இரண்டு துண்டுகளையும் ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தார். சூடு சீக்கிரம் இறங்கியிருக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நான்தான் தப்பா செட் பண்ணிட்டேன் போல" என்றாள் அவள். தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னும் ஒரு மணி நேரம் கூட்டி வெச்சிருக்கலாம். கிளம்புற அவசரத்துல... அம்மா கடைசியா குடுத்தது, அதையும் நானே ஒடைச்சிட்டேன்டீ."

நான் அவள் தோளில் கை வைத்தேன்.

"விடு. யாருக்கும் நடக்கும்" என்றேன்.

என் வாயிலிருந்துதான் அது வந்தது. வாய் கூசவில்லை. அவள் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு அன்றைக்கே ஊருக்குப் போய்விட்டாள். இனிமேல் குழாயைத் தொடப்போவதில்லை என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனாளாம். இரண்டு மாதமாக அவள் மூச்சில் வேலை செய்தவள் நான். ஆனாலும் சொல்லவில்லை.

மூன்று நாள் கழித்து, நான் முதலில் சொன்ன அந்தச் சனிக்கிழமை வந்தது.

அண்ணன் வழக்கம்போல ஒன்றரைக்குச் சாப்பிடப் போனார். தனியாக வேலை செய்கிறவர்கள் குழாயின் முனையில் ரப்பர் ட்யூப் மாட்டி, அதன் மறுநுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு தாங்களே ஊதுவார்கள். ஆணியில் தொங்கிய ட்யூபை எடுத்தேன். நுனி ஈரமாக இருந்தது. பத்து நாளுக்கு மேலாக யாரும் அதைத் தொடவில்லை. கழுவி வைத்திருப்பார்கள் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன்.

1:52. உலையிலிருந்து கண்ணாடி எடுத்தேன். முதல் ஊது ஊதினேன். சரியாகத்தான் வந்தது.

1:58. எங்கோ யாரோ இருமினார்கள். தெருவில் என்று நினைத்தேன்.

2:04. பிடரியில் ஜில்லென்று காற்று. உலை எரிகிற இடம் அது. அங்கே வியர்வை காய்ந்ததே கிடையாது. அன்று காய்ந்தது.

2:10. ஆறவைக்கும் பெட்டி பீப் என்று கத்தியது. பொருளை வைப்பதற்காக 500-ல் தயாராக நிறுத்தியிருந்தேன். திரையில் எண் கடகடவென்று இறங்கியது. 490... 471... 455... மூடியை யாரோ தூக்கிப் பிடித்திருந்தால்தான் அப்படி இறங்கும்.

மூடி மூடித்தான் இருந்தது.

குழாயை உருட்டுவதை நிறுத்தினால் கண்ணாடி தொங்கிப்போகும். கை பாட்டுக்கு உருட்டியது. வாயிலிருந்து ட்யூப் நழுவி விழுந்துவிட்டது. பயத்தில், பழக்கத்தில், அந்த வார்த்தை தானாக வந்துவிட்டது.

"ஊது."

கண்ணாடி உப்பியது.

நான் ஊதவில்லை. ட்யூப் என் மடியில் கிடந்தது.

உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரியும், அதுதான், என்று எனக்கு நானே பாடம் நடத்தினேன். ஆனால் அதற்குக் குழாயின் முனை அடைத்திருக்க வேண்டும். ட்யூபைக் குழாயிலிருந்து பிடுங்கித் தரையில் எறிந்தேன். முனை திறந்துதான் இருந்தது.

"நிறுத்து" என்றேன்.

நின்றது.

எழுந்து ஓடியிருக்கலாம். ஏன் ஓடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கண்ணாடி குளிர்ந்தால் உடைந்துவிடும் என்பதுதான் அப்போது மனதில் ஓடியது. இன்னொன்றையும் உடைக்க என்னால் முடியாது. சின்ன உலையில் காட்டிச் சூடேற்றினேன். திரும்ப வந்து உட்கார்ந்தேன். மறுபடி கண்ணாடி சேர்த்தேன், சுவரைக் கனமாக்கினேன். நேரம் போனதே தெரியவில்லை.

2:27.

குழாயின் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

துணி தேய்க்கும் சத்தம் கேட்டது.

சர்... சர்... சர்...

மூன்று தடவை.

இரும்பு முனையை யாரோ துடைத்தார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது.

"ஊதும்மா..." என்றேன். உதடு மட்டும்தான் அசைந்தது.

ஒரு மூச்சு. ஒரு மேடு.

இருமல்.

ஒரு மூச்சு. இரண்டாவது மேடு.

இருமல்.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை...

அப்புறம் மெல்ல... மெல்ல... மூன்றாவது.

என் காதுக்குப் பக்கத்தில்,

"அவ்வளவுதான்மா."

பெட்டி பீப் என்றது. எண் ஏறத் தொடங்கியது. மணி 2:31.

அண்ணன் உள்ளே வந்தபோது நான் அழுதுகொண்டே உருட்டிக்கொண்டிருந்தேன். அவர் முதலில் கண்ணாடியைப் பார்த்தார். மூன்று மேடு. அப்புறம் தரையைப் பார்த்தார்.

"ட்யூபு கீழ கெடக்கு. யாரும்மா ஊதினது?"

"அண்ணே, இதை அடைக்கணும். துளி எடுத்துட்டு வாங்க. சீக்கிரம்."

அவர் துளி எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். குடுவையைப் பிரித்தோம், ஓட்டையை அடைத்தோம், பெட்டிக்குள் வைத்தோம். குழாயைக் கழுவ எடுத்தவர், வாய் வைக்கும் முனையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். இரண்டு நாள் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்திருந்தேன். மூடியைத் தொடவில்லை. திங்கட்கிழமை 40-க்கு வந்தபிறகு அண்ணனையே திறக்கச் சொன்னேன். ஒரு கீறல் இல்லை.

அன்று மாலை குமிழிக்கு ஃபோன் செய்தேன்.

"நீ தப்பா செட் பண்ணல. நான்தான் மூடியைத் திறந்தேன். என்னோடதைப் பாக்க. என்னோடதை மட்டும் பாக்க."



"எத்தன மணிக்கு?" என்றாள்.

"ரெண்டு பத்து."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா சாப்ட்டுட்டுப் படுத்திருந்தாங்க. திடீர்னு எந்திரிச்சு, 'யாரு தெறந்தது? குளுருது, மூடச் சொல்லு'ன்னாங்க. நான் ஜன்னலச் சொல்றாங்கன்னு நெனச்சேன். ஜன்னல் மூடித்தான் இருந்துச்சு. போர்வையப் போத்திட்டு மணி பாத்தேன். ரெண்டு பத்து. அப்புறம் தூங்கிட்டாங்க."

ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அதுகூட விடு. எனக்கு எது ஆறலன்னா, அவங்க எப்பப் போனாங்கன்னே தெரியல. நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன். மூணு மணிக்கு டீ கொண்டு போனேன், கை காலெல்லாம் ஆறிப்போயிருந்துச்சு. டாக்டர், ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுலன்னு எழுதிட்டுப் போயிட்டார். யாருக்குமே தெரியாதுடீ."

எனக்குத் தெரியும். அந்த டிக் சத்தம் கேட்டபோது நான் மணி பார்த்தேன்.

சொல்லவில்லை. மூடியைத் திறந்ததைச் சொல்லிவிட்டேன், அந்தச் சத்தத்தைச் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவள் வந்து குடுவையை வாங்கிக்கொண்டு போனாள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்போதும் சொல்லவில்லை.

அந்தக் குடுவை இப்போது அவள் கட்டில் பக்கத்தில் இருக்கிறது. நேற்று மெசேஜ் அனுப்பியிருந்தாள்: 'தினமும் மத்தியானம் உள்பக்கம் பனி படருதுடீ, யாரோ மூச்சு விட்ட மாதிரி. கொஞ்ச நேரம் இருந்துட்டு, சட்டுன்னு காணாமப் போயிடுது. எத்தன மணிக்கு வருது, எத்தன மணிக்குப் போகுதுன்னு நாளைக்குப் பாத்து எழுதி வைக்கப்போறேன்.'

அந்த நாளை இன்றுதான். இதை எழுதும்போது மணி ஒன்று ஐம்பது. ஃபோன் என் கையில்தான் இருக்கிறது. அவளுக்கு நான் இன்னும் பதில் அனுப்பவில்லை.