ஒல்லாந்துக்காரனின் அடுத்த காய்

அச்சுவேலியில் நான் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில், தபால் மூலம் நடந்த ஓர் உலகச் சதுரங்கப் போட்டியில் சேர்ந்திருந்தேன். எனக்கு வாய்த்த எதிராளி ஓர் ஒல்லாந்துக்காரன். ஒரு காயை நகர்த்தித் தபாலட்டையில் எழுதி அனுப்பினால், பதில் கப்பலேறி வர மாதக்கணக்காகும்.

அட்டையிலுள்ள குறிகளை வாசிக்கும் விதத்தை ஒருநாள் தபால்காரருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதைப்போல மடைத்தனம் வேறில்லை. பிறகு அட்டை என் கைக்கு வருமுன்பே எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் செய்தி பரவிவிடும்.

"வாத்தியார், உங்கடை குதிரை போயிட்டுது" என்று வேலிப் படலையில் நின்றே தபால்காரர் சொல்வார். அவருக்குப் பின்னால் வருகிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லோரையும் ஏசி அனுப்பிவிட்டு, கடைசியில் அவர்கள் சொன்னதையே எழுதி அனுப்புவேன். "அங்கே ஒருவர்தானா விளையாடுகிறீர்கள்?" என்று ஒல்லாந்துக்காரன் ஒருமுறை அட்டையின் ஓரத்தில் கேட்டிருந்தான்.

பிறகு யுத்தம் வந்தது. ஜேர்மன் படை ஒல்லாந்தைப் பிடித்ததோடு அட்டை வருவது நின்றது. மேசையில் காய்கள் நின்றபடி நின்றன. எனக்குக் கடிதம் இல்லாத நாட்களிலும் தபால்காரர் படலையடியில் சைக்கிளை மெதுவாக்குவார். என் முகத்தைப் பாராமலே சொல்வார்.

"உவன் இன்னும் யோசிக்கிறான் போலை கிடக்கு, வாத்தியார்."