அப்பாவுக்கும் மகளுக்கும் போட்ட மொட்டை

என் மகள் பிறந்தபோது வாலிகண்டபுரத்தில் எங்கள் தெருவே வந்து பார்த்தது. கண் இரண்டும் நீலம். கருகரு முடிக்கு நடுவே, நெற்றிக்கு மேலே ஒரு கொத்து மட்டும் வெள்ளை. "ஆத்தாடி, வெள்ளைக்காரப் புள்ளைய பெத்து வச்சிருக்கியே!" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெருமையாகக்கூட இருந்தது என்றால் பாருங்கள்.

அவளுக்கு ஒரு வயது நெருங்கும்போது அம்மன் ஊர்வலம் வந்தது. மேளமும் வெடியும் எங்கள் வாசலில் அதிர்ந்தன. உள்ளே தூங்கியவள் புரண்டுகூடப் படுக்கவில்லை. மறுநாள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று குண்டானைக் கரண்டியால் டமடமவென்று அடித்தேன். திரும்பவே இல்லை. கரண்டியை எறிந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

என் மாமியார் காரணத்தைத் தயாராக வைத்திருந்தார். "வாயும் வயிறுமா இருந்தவ, கிரகணத்தன்னைக்கு சொல்லச் சொல்ல கேக்காம கொடியில துணி எடுக்கப் போனல்ல? அதான்."

மழை தூறியது, போனேன். "அப்ப நனைஞ்ச சேலையை நீங்க கட்டிக்கிட்டிருப்பீங்களா அத்தை?" என்று கேட்டேன். வாயாடி என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். கொடுமை என்னவென்றால், உள்ளுக்குள் நானே அதை நம்ப ஆரம்பித்திருந்தேன்.

திருச்சிக்குக் கொண்டுபோனோம். பரிசோதித்த டாக்டரம்மா, இரண்டு காதும் கேட்கவில்லை என்றார். உள்காதில் கருவி பொருத்த ஆபரேஷன் செய்யலாம், அரசு காப்பீட்டிலேயே நடக்கும், ஆனால் தள்ளிப் போடக் கூடாது. பேச்சு பழகும் வயது தாண்டிவிட்டால் கருவி வைத்தும் பெரிய பலன் இருக்காதாம். "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி வெள்ளை முடி, நீலக் கண்ணு, காது கேக்காம இருக்கா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் என் கணவர்.

வீட்டுக்கு வந்தால் மாமியார் முடிவே எடுத்துவிட்டார். குலதெய்வத்துக்கு வருஷம் ஒன்றாக மூன்று மொட்டை போட வேண்டும். மூன்றாவது மொட்டையில் முடி கறுப்பாக முளைக்கும், காதும் திறக்கும், அதுவரை காதில் கத்தி வைக்கக் கூடாது. மூன்று வருஷம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கணவர் அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளை. "ஒண்ணு போட்டுத்தான் பாப்போமே" என்றார். அவர்கள் வழக்கப்படி பிள்ளைக்கு மொட்டை என்றால் அப்பாவுக்கும் மொட்டை. இரண்டு சந்தனத் தலைகளையும் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் அடங்கவே இல்லை.

அடுத்த முறை திருச்சிக்குப் போனபோது மகள் அப்பா மடியில் இருந்தாள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, "அப்பா, தலைத்துண்டைக் கொஞ்சம் எடுங்க" என்றார். இரண்டு தலையிலும் முடி அரும்பியிருந்தது. இரண்டிலும் ஒரே இடத்தில் வெள்ளை.

என் கணவர் மாதாமாதம் டை அடிக்கிறவர். இளநரை என்று நானும் நினைத்திருந்தேன், அவரும் நினைத்திருந்தார். டாக்டரம்மா இருவர் கண்களையும் பார்த்தார். மூக்கோரக் கண்முனைகள் இருவருக்கும் ஒரேபோல் மூக்கை விட்டுத் தள்ளித் தள்ளி இருந்தன. தினமும் அந்த முகங்களையே பார்க்கிற எனக்கு அது தெரிந்ததே இல்லை.

"முடிக்கும் கண்ணுக்கும் கறுப்பு கொடுக்கிற செல்லுங்க உள்காதுக்கும் வேணும்மா. அதுங்கள வழிநடத்துற மரபணுவுல பிறவியிலேயே ஒரு மாற்றம். அப்பாவுக்கு முடியோட நின்னுடுச்சு. பாப்பாவுக்குக் காதையும் பிடிச்சிருச்சு. அடுத்து ஒரு பிள்ளை பிறந்தாலும் வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு" என்றார். பின்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது.

"அப்ப என்னாலதானுங்களா?" என்றார் என் கணவர்.

"யார் தப்பும் இல்ல. யாரும் எதையும் செஞ்சு வர்றதில்ல இது."

இத்தனை நாள் வாங்கிய பேச்சுக்கெல்லாம் பதில் என் நாக்கு நுனிவரை வந்தது. கணவர் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். முழுங்கிவிட்டேன். அவர் நிமிர்ந்து, "ஆபரேஷனுக்கு எப்பங்க வரணும்?" என்று கேட்டார்.

மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "எங்க மாமனாருக்கும் இந்த வெள்ளைக் கொத்து இருந்துச்சு. ராசி முடின்னு சொல்லுவாங்க" என்றார். அப்புறம், "புள்ளைய நல்லபடியா கூட்டிட்டு வாங்க" என்று திருநீறு பூசிவிட்டார்.

ஆபரேஷன் முடிந்து, கருவியை முதன்முதலில் இயக்கியபோது சிரிப்பாள் என்று காத்திருந்தோம். வீரிட்டு அழுதாள். பயிற்சி கொடுத்த பெண், "இனிமே நீங்க வாயே மூடக் கூடாது, பேசிக்கிட்டே இருங்க" என்றார். என் வாழ்க்கையில் என்னிடம் அப்படிச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். பெரம்பலூர் பஸ்ஸில், வயலில், அடுப்படியில் பேசினேன், பேசினேன், தொண்டை கட்டும்வரை பேசினேன். மாதக்கணக்கில் ஒரு சொல்கூடத் திரும்பி வரவில்லை. பிறகு "ம்மா" வந்தது. வருஷம் போகப் போகச் சின்னச் சின்னச் சொற்களும் வந்தன. உதட்டைப் பார்த்துச் சொல்கிறாளா, கேட்டுச் சொல்கிறாளா என்ற பயம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

போன மாதம் ஒரு காலை, முற்றிய கத்தரிக்காயாகப் பொறுக்கி வாங்கி வந்ததற்காக அடுப்படியில் கணவரைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கூடத்தில் மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே குரல் வந்தது.

"ஏம்மா அப்பாவத் திட்டுற? பாவம்ல."

நான் திட்டுவதை விட்டுவிட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தேன். கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"நிறுத்தாத" என்றார். "இன்னும் கொஞ்சம் திட்டு."