மெஹர் அக்கா என்னை எதற்குக் கூப்பிட்டார்

மெஹர் அக்கா இறந்த செய்தி அவருடைய எண்ணிலிருந்தே எனக்கு வந்தது. பர்கூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு மூட்டையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். செல்லில் அவர் பெயர் தெரிந்ததும் அந்த வாரம் முழுக்கச் செய்ததைப் போலவே எடுக்காமல் விட்டேன். நின்றுபோய் மறுபடி அடித்தது. பஸ் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் எனப் பொய்யைக்கூடத் தயார் செய்துவிட்டேன். விடாமல் அடிக்கவே எடுத்தேன்.

"மாமா, சபீனா பேசறேன். காலைல அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்துச்சு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போயிட்டாங்க."

அக்காவின் மகள். தயாராக வைத்திருந்த பொய் வாயிலேயே நின்றுவிட்டது.

இதைப் படிக்கும் ஓசூர் ஷெட்காரர்களே, உங்களில் பாதிப் பேர் அன்று சாயங்காலம் கபரஸ்தான் வாசலில் நின்றீர்கள். கையில் மெஷின் எண்ணெய் வாசனை போகாமலே வந்திருந்தீர்கள். லேத் ஷெட் நஞ்சப்பா என் பக்கத்தில் நின்று, "இத்தன வருஷத்துல அந்தம்மா எனக்கு ஒரு ரூபா குறைச்சதில்லப்பா. ஆனா நான் வேற யார்கிட்டயும் வாங்கினதும் இல்ல" என்றார். அவரிடம் நானும் ஒருமுறை விற்கப் போயிருக்கிறேன். அது அவருக்கு நினைவில்லை. நல்லதாகப் போயிற்று.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மெஹருன்னிசா என்பது முழுப் பெயர். திருப்பூர் பக்கமிருந்து வரும் பனியன் வெட்டுத்துணியை மூட்டையாக வாங்கி, பிரித்து, மெஷின் துடைக்கும் வேஸ்ட் துணியாக ஓசூர் பட்டறை ஷெட்களுக்குப் போடுவது அவர் தொழில். கணவர் இறந்த பிறகு ஒரு மொபெட்டை வைத்துக்கொண்டு தனியாக ஆரம்பித்தது. வயதில் என்னைவிடச் சின்னவர். ஊரே அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். அவர் என்னைப் பழனிண்ணா என்றார். என் பெண் இதைக் கேட்டு, "அப்பா, உங்க ரெண்டு பேர்ல யாருதான் சின்னவங்க?" என்று சிரிப்பாள்.

எனக்கு அவரை மேஜைக்கு இந்தப் பக்கமிருந்துதான் முதலில் தெரியும். ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் நான் ஸ்டோர் கீப்பர். பிளஸ் டூ தேறாதவனுக்கு ஒரு மேஜையும் ஒரு நாற்காலியும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. விற்க வருகிறவர்களை பெஞ்சில் உட்கார வைப்பேன். வேலை ஒன்றும் இருக்காது, சும்மா உட்கார வைப்பேன். மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். அக்கா எழுந்து போய் எடை மெஷினில் படிந்திருந்த கிரீஸை வழித்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். துடைத்து முடித்த துணியை என் மேஜையில் வைத்து, "எவ்வளவு குடிச்சிருக்கு பாருங்கண்ணா" என்பார். அவ்வளவுதான் அவர் வியாபாரப் பேச்சு. நான் ஆர்டர் போட்டுவிடுவேன்.

அந்தக் கம்பெனி மூடியது. கையில் வந்த பணத்தை வைத்து என்ன செய்வது என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்த சரக்கு அது ஒன்றுதான். அவருடைய தொழிலையே தொடங்கிவிட்டு, அவருக்கு எதிரில் போகவே கூசி சந்து சந்தாகச் சுற்றினேன். ஒருநாள் டீக்கடையில் பிடித்துவிட்டார்.

"வேஸ்ட் துணி போடறீங்களாமே?"

"ஏதோ சின்னதா, அக்கா."

"அதுக்கு ஏன் திருடன் மாதிரி ஓடறீங்க? ஓசூர்ல சிந்தற எண்ணெயெல்லாம் நான் ஒருத்தியே தொடைச்சு முடிக்க முடியுமா?"

எண்ணெய்க்குக் குறைவில்லை. குறை என் வாயில் இருந்தது. வருகிறவனை உட்கார வைத்தே பழகியவனுக்கு, தான் போய் நிற்க வேண்டும் என்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று "வணக்கம் சார்" சொல்லிப் பழகினேன். "விக்கப் போறீங்களா, கடன் கேக்கப் போறீங்களா?" என்றாள் பெண். அக்காவிடம் சொன்னேன். "நாளைக்கு என்கூட வாங்க" என்றார்.

கெலமங்கலம் ரோட்டில் ஒரு ஷெட். நீங்களே பேசுங்க என்பது போல அக்கா ஒதுங்கி நின்றார். நான் விலையைச் சொன்னேன். முதலாளி வாயைத் திறந்தார். நான் உடனே விலையைக் குறைத்தேன். இன்னும் திறந்தார். இன்னும் குறைத்தேன். வெளியே வந்ததும் அக்கா மொபெட்டில் சாய்ந்துகொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"அண்ணா, அந்த மனுசன் ஒண்ணும் பேரம் பேசல. நைட் ஷிப்ட் பாத்துட்டு கொட்டாவி விட்டாரு. நீங்க கொட்டாவிக்கே விலை குறைக்கறவரு."

அடுத்து நான் செய்தது அதைவிட மோசம். அக்கா மாதிரியே வாய் பேசாமல் துடைத்துக் காட்டலாம் என்று ஒரு ஷெட்டுக்குப் போனேன். மூட்டையில் எடை கூடட்டும் என்று வீட்டுப் பழந்துணியையும் கலந்திருந்தேன். பாலிஷ் முடித்து வைத்திருந்த ஒரு ஷாப்ட்டைப் பெருமையாகத் துடைத்தேன். நீளமாக ஒரு கீறல் விழுந்தது. முதலாளி துணியைப் பிரித்து, என் மனைவியின் பழைய ஜாக்கெட் கொக்கியை விரலில் பிடித்துக் காட்டினார். அவர் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

அத்தோடு தொழிலையே விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் காலையில் அக்கா வாசலில் வந்து நின்றார். "திட்டு வாங்கின இடத்துக்கு மறுநாளே போயிடணும்ணா. தள்ளிப்போட்டா அந்தத் தெருப் பக்கமே போக முடியாது." கூடவே வந்தார். நான் மன்னிப்புக் கேட்டபோது வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. வீட்டுத் துணியைக் கலந்ததற்கு அன்று முழுக்கத் திட்டினார். அந்த ஷெட் இன்றும் என்னிடம்தான் வாங்குகிறது.

இதுவரை எழுதியதைச் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனி வருவது அப்படி இல்லை.

தொழிற்பேட்டையில் ஒரு பெரிய கம்பெனி. பேர் வேண்டாம். அங்கே வேஸ்ட் துணியை இனி வேறு ஆளிடம் வாங்கப் போகிறார்கள் என்று அக்காவுக்குத் தெரிய வந்தது. "போய்ப் பாருங்கண்ணா, இது கிடைச்சா ஷெட் ஷெட்டா சுத்த வேண்டாம்" என்றார். போனேன். கேட்டுக்கு எதிரில் டீ குடித்தேன். கார்கள் உள்ளே போவதைப் பார்த்தேன். திரும்பி வந்துவிட்டேன். "போனீங்களா?" என்று கேட்டார். "சார் லீவு" என்றேன். அடுத்த முறை "மீட்டிங்" என்றேன். அதற்கப்புறம் சொல்லப் பொய் இல்லாததால், போன் வந்தால் எடுக்காமல் விட ஆரம்பித்தேன். போனீங்களா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அக்காவுக்காக ஃபாத்திஹா ஓதி முடிந்து அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது சபீனா தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா அந்த வாரம் உங்களுக்கு ரொம்ப தடவை அடிச்சாங்க மாமா."

"ஆமாம்மா. அந்தக் கம்பெனிக்குப் போனேனான்னு கேக்கத்தான்."

"இல்ல. உங்களோட சேர்ந்து தானும் போலாம்னு நினைச்சாங்க. தனியாப் போக பயம். பெரிய கேட்டுன்னா அம்மாவுக்கு எப்பவுமே பயம், ஷெட்டோட நிறுத்திக்குவாங்க. 'பழனிண்ணா மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்தவரு, அவரு கூட வந்தா நான் பேசிடுவேன்'னாங்க."

எனக்கு டம்ளரைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

"நான் எடுக்கலையேம்மா" என்றேன்.

"அதுக்கும் ஒண்ணும் நினைக்கல. 'போன் எடுக்கக்கூட நேரமில்ல பாரு, அண்ணனுக்கு யாவாரம் சூடு பிடிச்சிடுச்சு'ன்னு சந்தோஷமாத்தான் சொன்னாங்க."

அவர் அப்படிச் சந்தோஷப்பட்ட நேரத்தில் நான் வீட்டில் படுத்து ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சபீனாவிடம் அதைச் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவள் தெரிந்துகொள்வாள்.

நாற்பதாம் நாள் கழிந்ததும் சபீனாவைக் கூட்டிக்கொண்டு அந்தக் கம்பெனிக்குப் போனேன். இப்போது அம்மாவின் வியாபாரத்தை அவள்தான் பார்க்கிறாள். செக்யூரிட்டி யாரைப் பார்க்க வேண்டும் என்றார். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்ததும், "மாமா, கை சில்லுன்னு இருக்கு" என்றாள். என் கை வியர்த்திருந்தது. சில்லென்றிருப்பது எவ்வளவோ மேல் என்றேன்.

பர்ச்சேஸில் இருந்தவர் இளைஞர். துணியைக் கையில் கசக்கிப் பார்த்தார். விலை அதிகம் என்றார். சபீனா பேசினாள். அவள் அம்மாவைவிட நன்றாகவே பேசினாள். நான் வாயைத் திறக்கவில்லை, அதுவே நான் செய்த பெரிய உதவி. கடைசியில், "சரி, ட்ரையலுக்கு ஒரு மூட்டை அனுப்புங்க. பில்லு யார் பேர்ல வரும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். வயதான ஆண் நான்தானே, முதலாளி நான் என்று நினைத்துவிட்டார். ஒரு நிமிஷம் எனக்கு ஆசை வந்தது என்பதையும் மறைக்கவில்லை.

"இவங்க அம்மா பேர்ல இருக்கற கடை, சார். நான் கூட வந்தவன்."

அக்கா கேட்டது இவ்வளவுதான். கூட வர ஒரு ஆள்.

அவர் சொன்ன தொழில் நுணுக்கங்களில் பாதி எனக்கு வரவே இல்லை. இன்றைக்கும் கொட்டாவிக்குப் பயப்படுகிறவன்தான். அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்று உண்டு: அவருக்கும் பயம் இருந்தது என்ற விஷயம். எந்தக் கேட்டின் முன்னால் நின்றாலும் அது நினைவுக்கு வருகிறது, கால் உள்ளே போகிறது. அதை அவர் வாயாலேயே எனக்குச் சொல்ல வந்தார். நான்தான் கேட்கவில்லை.