ஸ்டார்ட்டரில் செருகிய குச்சி

மேடையில் ஒருவர் நீடித்த வளர்ச்சியைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். பொன்னாடைகள் வெளியே வந்ததும் நான் நழுவி, வத்திராயிருப்புச் சாலையில் நடந்துகொண்டிருக்கிறேன். ஓரத்துத் தோட்டத்தில் சோலார் தகடுகள் பளபளக்கின்றன. மோட்டார் ஓடுகிறது; தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு ரோட்டுக்கே வந்துவிட்டது. பக்கத்தில் ஆளில்லை. வெயில் ஓசிதானே, யார் நிறுத்தப்போகிறார்கள்?

ஓசி என்றாலே எனக்கு ஒரு குச்சி நினைவுக்கு வரும். விவசாயத்துக்குக் கரண்டு இலவசமான புதிதில், இதே சாலையில் ஒரு தென்னந்தோப்பில் மோட்டார் போட்டு நிறுத்துவது என் வேலை. ஒன்பதாவதைப் பாதியில் விட்டவனுக்கு அதுவே உத்தியோகம். கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அமுக்கி, வெளியே வராதபடி ஒரு வேப்பங்குச்சியைச் செருகிவிடுவோம். கரண்டு வந்ததும் மோட்டார் தானே ஓடும். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் மேட்னி பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த நிலம் மாரியம்மாளுடையது. கணவர் இல்லை. பதினோரு மாமரம், ஒரு கிணறு, ஒரு டீசல் எஞ்சின். குத்தகை வியாபாரிக்காக மரங்களில் சுண்ணாம்பால் எண் எழுதியிருப்பார். பத்தாவது மரத்துப் பாத்தி நிரம்பியதுமே எஞ்சினை நிறுத்திவிடுவார். வாய்க்காலில் மிஞ்சியது பதினொன்றுக்குப் போதும். எங்கள் ஆழ்துளைக் கிணறு அவர் கிணற்றைக் குடித்தது. ஒரு நாள் வேலியோரம் வந்து நின்றார்.

“ஏலே, அந்தக் குச்சியைச் செத்த நேரம் உருவேன். எங் கெணத்துல எஞ்சின் காத்தத்தான் குடிக்கு.”

“மொதலாளி ஏசுவாரு சித்தி.”

“நீ சினிமாவுக்குப் போறதுக்கு மட்டும் ஏச மாட்டாராக்கும்.”

முதலாளியிடம் சொல்லத்தான் செய்தேன். “கரண்டுக்குக் காசு நீயால கட்டுத?” என்றார். அவரும் கட்டவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. குச்சி முறிந்தபோதெல்லாம் புதிதாக ஒடித்துச் செருகினேன்.

இரண்டே கோடையில் மாமரங்கள் நின்றபடி காய்ந்தன. விறகு லாரி வந்த அன்று, மரம் வெட்டுகிறவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டி மாரியம்மாள் எங்கள் தொட்டிக்குக் குடத்தோடு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் குச்சியை உருவி எறிந்துவிட்டு அந்த லாரியிலேயே ஏறினேன். ரோஷம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் குழாயிலும் தண்ணீர் நூலாக ஒழுகத் தொடங்கியிருந்தது. சீக்கிரம் வேலை போய்விடும் என்று தெரியும்.

இப்போது தோப்பும் இல்லை, கிணறும் இல்லை. பிளாட்டுக் கற்கள்தான் வரிசையாக நிற்கின்றன, அவற்றிலும் எண்கள்.

லாரி இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கிற ஒரு பட்டறையில் நின்றது. மறுநாள் காலை அங்கேயே பாய்லருக்கு விறகு தள்ளும் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி, புண்ணியமான தொழில் என்றார் மேஸ்திரி. குவியலிலிருந்து முதலில் உருவிய கட்டையில் சுண்ணாம்பு எண் அழியாமல் இருந்தது. பதினொன்று. உள்ளே தள்ளினேன், நன்றாகக் காய்ந்திருந்ததால் உடனே பிடித்துக்கொண்டது.