குதிகாலைப் பார்க்க ஓர் ஆள்

குதிகால் வலித்தால் ஓடுவதை நிறுத்து என்பார்கள். நிறுத்திவிட்டு நான் என்ன செய்வது? மனைவி இறந்துபோனபின் மாற்றலைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஜவ்வாது மலையில் உள்ள வங்கிக் கிளைக்கு வந்தவன் நான். சாயங்காலம் கிளையைப் பூட்டினால் மறுநாள் காலைவரை பேச ஆளில்லை. விடிந்ததும் ஓடப்போகும் அந்தக் கொஞ்ச நேரம்தான் என்னைக் கட்டிலைவிட்டு எழுப்பிக்கொண்டிருந்தது. அதுவும் போனால் படுத்தபடியே கிடந்துவிடுவேன் என்று உண்மையாகவே பயந்தேன்.

ஷூ நன்றாகத்தான் இருந்தது. உள்ளே போடும் இன்சோலை மாற்றினால் போதும் என்று நினைத்து, பஸ் பிடித்து அடிவாரத்துச் சந்தவாசலுக்கு இறங்கினேன். செருப்புக் கடைக்காரர் ஒன்றை எடுத்து விரலால் அமுக்கிக் காட்டினார்.

"மெத்துன்னு இருக்கும் சார். கால்ல இருக்கிறதே தெரியாது."

நானும் அமுக்கிப் பார்த்தேன். விரலுக்குச் சுகமாக இருந்தது. ஓடப்போவது விரலல்ல என்பது அப்போது உறைக்கவில்லை. போதாக்குறைக்கு, ஷூவோடு வந்த பழையதை உருவாமல் அதன்மேலேயே இதைத் திணித்தேன். சில நாட்களில் கட்டைவிரல் நகம் கறுத்தது, குதிகால் வலியும் கூடியது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அதன்பிறகுதான் போனில் தேடிப் படித்தேன். மெத்தென்று இருப்பது வேறு, தாங்குவது வேறு. பாதம் தட்டையாகி, குதிகால் உட்பக்கம் சாய்பவருக்கு, உள்வளைவின் அடியில் கெட்டியாக முட்டுக்கொடுக்கும் இன்சோல் உதவலாம். எல்லோருக்கும் அது தேவையில்லை. ஈரக்காலைச் சிமென்ட் தரையில் பதித்தேன். பாதம் முழுசாக அச்சு விழுந்தது, தட்டைதான். ஆனால் சாய்வு தெரிய வேண்டுமென்றால் நாம் ஓடும்போது பின்னாலிருந்து ஒருவர் பார்க்க வேண்டுமாம். அந்த வரியைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். வீட்டில் ஓர் ஆள் இருந்தால் நொடியில் முடிகிற காரியம்.

மறுநாள் மேடில்லாத வேறு பாதையில் ஓடிப் பார்த்தேன். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு என்னைத் தெரியாது. மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. சாவானாலும் பிரசவமானாலும் யாராவது ஓடிப்போய்த்தான் சொல்ல வேண்டும். வேறெதற்கும் பெரியவர்கள் ஓடுவதில்லை. சாமைக் கொல்லையில் கதிர் அறுத்துக்கொண்டு நின்ற ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்து திருப்பத்தில் பிடித்தார்.

"இன்னா சார் ஆச்சு? யாருக்கு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க. சும்மாதான் ஓடுறேன்."

"சும்மாவா?" இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினார். "நொண்டிக்கினே ஓடுறீங்களே, பெரிய சேதியா இருக்கும், தொணைக்குப் போலாம்னு அருவாளப் போட்டுட்டு வர்றேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. துணைக்கு என்று சொல்லி யாரும் என் பின்னால் வந்து வெகுகாலமாயிற்று. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"பின்னாடியே வந்தீங்களே, என் குதிகால் சாயுதான்னு பாத்தீங்களா?"

என்னை ஒருமாதிரி பார்த்தார். ஆனாலும் மறுபடி ஓடச் சொல்லிக் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"ரெண்டும் உள்பக்கமா சாயுது சார். எடது கொஞ்சம் தூக்கலு."

அடுத்த விடுமுறையில் ஷூவைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், உள்ளிருந்த இரண்டையும் உருவிவிட்டு, இரண்டு கால்களிலும் போட்டு நின்று பார்த்துக் கெட்டியானதை வாங்கினேன். முதலில் கல்லை மிதிப்பதுபோல் இருந்தது. மெல்லப் பழகியது. வலியும் விட்டது.

இப்போது அந்தப் பாதையில்தான் ஓடுகிறேன். அவர் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். என்னைக் கண்டு பதறி எழும் புது ஆளிடமும், "ஒண்ணுமில்ல, உக்காரு. பேங்க் சாரு. அவுரு சும்மா ஓடுவாரு" என்று சொல்லி உட்கார வைத்துவிடுகிறார்கள். யாரும் பின்னால் வருவதில்லை. கால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சாமைக் கொல்லையைத் தாண்டும்போது, இன்று கொஞ்சம் நொண்டிப் பார்க்கலாமா என்று தோன்றுகிறது.